நடுவில் வரும் பந்து யாருடையது

இரட்டையர் ஆட்டத்துக்கு மட்டும் பெயர் கொடுத்து ஊர் ஊராகப் போவது என்று முடிவு செய்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு கெட்ட செய்தி. உங்களைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். ஒற்றையர் ஆட்டங்கள் எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்து, கடைசிக் கோர்ட்டில் வெளிச்சம் மங்கும்போதுதான் உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து காத்திருந்த உடம்பு அதற்குள் இறுகிப்போயிருக்கும். மறுநாள் பேப்பரில் உங்கள் ஆட்டத்துக்கு ஒரு வரி இருக்கும். அதில் உங்கள் பெயர் தப்பாக இருக்கும். பின்னாளில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை எழுதியவன் நான் என்பதால் இதை உறுதியாகச் சொல்லலாம்.

இனி நல்ல செய்தி. இவ்வளவு விறுவிறுப்பான பிழைப்பு வேறெதுவும் எனக்குத் தெரியாது.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. எந்தத் தரவரிசையின் முதல் பக்கத்திலும் என்னைத் தேட வேண்டாம். என் சர்வ் யாரையும் பயமுறுத்தியதில்லை. பின்கை அடி நல்ல நாளில் சுமார், கெட்ட நாளில் வலைக்குள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பக்கத்தில் இன்னொருவன் நிற்கிறான் என்பதை மறக்காமல் ஆடுவது. அதை வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டினேன். பிறக்கும்போதே தெரிந்து வந்த வித்தை இல்லை அது. தூத்துக்குடியில் ஒரு சாயங்காலம், ஓர் இறுதி ஆட்டத்தின் நடுவில், வேறு வழியே இல்லாத நிலையில் கற்றுக்கொண்டது.

எழுபதுகளின் நடுப்பகுதி. புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கியிருந்தது. கப்பல் ஏஜென்சிகள், சுங்க அலுவலர்கள், துறைமுகப் பொறியாளர்கள் என்று ஊரில் புதுமுகங்கள். கடலைப் பார்த்த எங்கள் கிளப்பில் இரண்டு மண் கோர்ட்டுகள் இருந்தன. இடம் குறுகலானதால் அவை கிழக்கு மேற்காகக் கிடந்தன. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பினால் ஒரு பக்கம் நிற்பவன் முகத்தில் அடிக்கும், மறுபக்கம் நிற்பவன் முதுகில் தள்ளும்.

என் அப்பா கருப்பட்டி மொத்த வியாபாரி. கிளப்பில் உறுப்பினர், ஆனால் மட்டையைத் தொட்டதில்லை; டீ குடிக்கவும் விலை நிலவரம் பேசவும் வருவார். வீடு மில்லர்புரத்தில். கல்லூரி முடித்து ஒரு கப்பல் ஏஜென்சியில் தற்காலிக குமாஸ்தாவாக இருந்த என்னிடம் அந்த வருடம் அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"பந்து வெளையாட்டெல்லாம் இந்தப் பந்தயத்தோட சரி. இதுல ஒண்ணும் தெகயலன்னா கடையில வந்து உக்காரு."

தகைய, அதாவது கூடி வர வேண்டிய விஷயம் அந்தப் பந்தயத்துக்கே நேரில் வந்திருந்தது. மேற்கே ஒரு பெரிய நூற்பாலை, டென்னிஸ் அணி வைத்திருந்தது. வேலை கொடுத்து, சம்பளம் கொடுத்து, வருடத்தில் பாதி நாள் பந்தயங்களுக்கு அனுப்புவார்கள். அவர்கள் அணியில் ஓர் இரட்டையர் ஜோடிக்கு இடம் இருந்தது. அதற்கு ஆள் பார்த்துப் பிடிக்க மில்லின் அதிகாரி ஒருவர் எங்கள் ஊருக்கு வந்திருந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கால்சட்டை, பேச்சு குறைவு. முதல் நாளே கிளப் செயலாளரிடம் சொல்லிவிட்டார்: எடுத்தால் ஜோடியாக எடுப்பேன், ஆட்டம் பிடிக்காவிட்டால் ஒருவரையும் எடுக்கமாட்டேன்.

என் ஜோடி இன்னாசி. அவன் எங்கள் கிளப்பின் மார்க்கர். இந்தச் சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். உறுப்பினர்களுக்கு எதிரே நின்று ஆடிக் கொடுக்க கிளப் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் ஆட்டக்காரன்தான் மார்க்கர். பெரும்பாலும் பந்து பொறுக்க வந்த பையன்கள் வளர்ந்து மார்க்கர் ஆவார்கள். மார்க்கர் உறுப்பினரைத் தோற்கடிக்கக் கூடாது, தவறைச் சொல்லிக் காட்டக் கூடாது, 'சார்' என்ற சொல் இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது. எழுதி வைக்காத சட்டம். இன்னாசியும் நானும் ஒரே வயது. கிளப் மதிலுக்கு வெளியே இருவரும் 'ஏலே'தான். மதிலுக்குள் வந்தால் நான் அவனுக்கு சார்.

அவன் கடற்கரைக்காரன். அண்ணன் வள்ளத்தில் சங்கு குளிக்கப் போகிறவன். சின்ன வயதில் ஆழத்தில் முங்கி இடது காதின் சவ்வு கிழிந்துபோனது. அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது. இது எனக்கு மட்டும் தெரியும். காது மந்தம் என்று வெளியே தெரிந்தால் மார்க்கர் வேலை போய்விடும் என்று அவனுக்குப் பயம். அதனால்தான் எங்கள் ஜோடியில் அவன் இடது பாதியில் நிற்பான், நான் வலது பாதியில். அவனுடைய நல்ல காது என் பக்கம் இருக்கும். நடுவில் பந்து வந்தால் நான் கூப்பிடுவேன்: எனக்கு, ஒனக்கு, விடு. அவன் கேட்டு நடப்பான். நான் உறுப்பினர் வீட்டுப் பிள்ளை, அவன் மார்க்கர். யார் கூப்பிட வேண்டும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

அரையிறுதியில் ஜெயித்துவிட்டு வெளியே வந்தபோதும் அவன் முகம் சரியாக இல்லை.

"நடுவுல வந்த பந்து எம் பந்துல்லா? நீ எதுக்குல பாஞ்ச?"

"நான் கூப்பிட்டேன்லே."

"கூப்பிட்டா ஒம் பந்தாயிருமா? கையில இருந்த அடிய வலையில கொண்டு போட்டுட்டியே!"

நான் சைக்கிளை எடுத்தேன். அவனும் எதிர்ப்பக்கம் நடந்தான்.

மறுநாள் இறுதி ஆட்டம். எதிரே சென்னையிலிருந்து வந்த இரண்டு வங்கி ஊழியர்கள். ஒருவர் நெட்டை, மற்றவர் இடக்கை. கிளப் நிரம்பியிருந்தது. உப்பு வியாபாரிகள், துறைமுகக் குடும்பங்கள், மதில்மேல் கடற்கரைப் பிள்ளைகள், தட்டுத் தட்டாக மக்ரூன். மில் அதிகாரி செயலாளருக்குப் பக்கத்து நாற்காலியில். அப்பா இரண்டாவது வரிசையில். இன்னாசி கடைசி நிமிடத்தில் வந்தான். கண் சிவந்திருந்தது. நான் ஏதோ கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. நேற்றைய கோபம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது கேமில், தலைக்கு மேலே தூக்கி அடிக்கும் லாப் ஒன்று எங்கள் நடுவில் ஏறியது. "எனக்கு!" என்று கத்திவிட்டு ஓடினேன். இன்னாசியும் ஓடி வந்தான். இரண்டு மட்டைகளும் மோதின. பந்து பின்னால் விழுந்தது.

அடுத்தது, "ஒனக்கு!" என்றேன். அவன் அசையவில்லை. பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நிதானமாக ஒரு குதி குதித்து வேலியில் போய் முட்டியது.

"ரெண்டு பேருக்கும் சண்டை போலுக்கு" என்று வேலிக்கு வெளியே யாரோ சொன்னார்.

எதிரே இருந்தவர்கள் குருடர்கள் இல்லை. அதன் பிறகு எல்லாப் பந்தும் நடுவில்தான் வந்தது. நான் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பிறகு அதைவிடச் சத்தமாக. தொண்டை கட்டியதுதான் மிச்சம். முதல் செட் ஆறுக்கு இரண்டு என்று போனது.

அந்தச் செட்டின் கடைசிக் கேமில் ஒன்று நடந்தது. துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. மதில்மேல் இருந்த பிள்ளைகள் திரும்பினார்கள். நெட்டையர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அம்பயர்கூடத் தலையைத் தூக்கினார். இன்னாசி மட்டும் கண்ணைக் கொட்டாமல் எதிரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊதல் என்று ஒன்று அவனுக்கு நடக்கவே இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

செட் முடிந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவன் முகத்துக்கு நேரே போய் நின்றேன். "காது கேக்கலையா?"

அவன் என் உதட்டைப் பார்த்தான். பிறகு கோர்ட் முழுக்கக் கேட்கும்படி, "காலையில..." என்று ஆரம்பித்தான். தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவனுக்கே தெரியவில்லை. நான் துண்டை எடுத்து அவன் வாயில் வைத்து அழுத்தினேன். மீதி துண்டுக்குள்ளிருந்து வந்தது.

"அண்ணன் வள்ளத்துல ஒரு ஆளு கொறஞ்சிட்டு. நாலஞ்சு நாளா காத்து. இன்னைக்கித்தான் தண்ணி தெளிஞ்சிருக்கு. ஆளு கொறஞ்சா வள்ளம் எறக்க மாட்டாவல்லா, அம்புட்டு பேரு பொழப்பும் போயிரும். எனக்குச் சளி வேற. ரெண்டு முங்குதாம்ல முங்குனேன். வலது காது பட்டுன்னு அடைச்சிட்டு. சாயங்காலத்துக்குள்ள தெறந்துரும்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. வாழ்க்கை முழுவதும் எதிர்பார்த்த ஆட்டம். அந்தக் காலையில் கடலுக்குள் இறங்கியிருக்கிறான்! உங்களில் யாருக்கும் இப்படி ஒரு தவறு செய்யத் தோன்றாது. ஆனால் வள்ளக்காரர்களிடம் அதுதான் முறை. பங்காளிக்கு ஆள் தேவை என்றால் கரையில் நிற்பவன் போயாக வேண்டும். சாயங்காலம் டென்னிஸ் இருக்கிறது என்று அங்கே சொல்ல முடியாது. அவன் வள்ளத்துக் கூட்டாளிகளைக் காப்பாற்றப் போய் டென்னிஸ் கூட்டாளியை மாட்டிவிட்டிருந்தான்.

அம்பயர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து யோசிக்க நேரம் இல்லை. என் முன்னால் இருந்த வழிகள் இவ்வளவுதான். அம்பயரிடம் உண்மையைச் சொல்லி ஆட்டத்தை விட்டுக்கொடுக்கலாம். இன்னாசியின் மார்க்கர் வேலையும் சேர்ந்து போகும். ஒன்றும் சொல்லாமல் இதே மாதிரி ஆடித் தோற்கலாம். அல்லது...

அந்த 'அல்லது'வுக்கு எனக்கு இவ்வளவு நேரம் ஆனதற்குக் காரணம், நான் என் தொண்டையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததுதான். எப்படி அவனுக்குக் கேட்க வைப்பது, எப்படி, எப்படி என்று. அவனுக்குத்தான் கேட்காது. எனக்குக் கேட்குமே.

என் வாயைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். அவன் வாயைத் தொட்டேன். பிறகு என் காதைத் தொட்டேன். அவனுக்குப் புரிந்ததும் கண் அகலமானது.

"நான் சொல்லவா? ஒனக்கா? இத்தன பேரு முன்னாலயா?"

தலையாட்டினேன். அவன் மில் அதிகாரியைப் பார்த்தான், செயலாளரைப் பார்த்தான், என் அப்பாவைப் பார்த்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

இரண்டாவது செட்டின் முதல் லாப். "சார், விடுங்க சார்!" என்றான். மரியாதை முடிவதற்குள் பந்து தரையில் விழுந்துவிட்டது. அடுத்தது, "விடுங்க!" அதுவும் தாமதம். எனக்கு அடிப்பதா நிறுத்துவதா என்று கை தடுமாறியது. நான் திரும்பி, வேகமாக, வேகமாக என்று கையைச் சுழற்றினேன்.

மூன்றாவது முறை அவன் கிளப்பை மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன். வள்ளத்தில் எப்படிக் கூப்பிடுவானோ அப்படியே வந்தது, கடல்காற்றைத் தாண்டிக் கேட்கிற குரலில்.

"விடுலே!"

என் கை தானாகவே இறங்கியது. பின்னாலிருந்து அவன் பாய்ந்து வந்து அடித்த அடி நெட்டையரின் காலுக்கு நடுவே போய்க் குதித்து வேலியைத் தாண்டியது.

மதில்மேல் இருந்த பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். நாற்காலிகளில் இருந்தவர்கள் கூச்சல் போடவில்லை. என் அப்பாவின் குரல் தனியாகக் கேட்டது.

"யாருல அது, எம் மவன ஏலேங்கது?"

"மார்க்கர்தான் அண்ணாச்சி."

"மார்க்கரா?" அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

அம்பயர் ஒரு சுங்க அதிகாரி. வேலையிலும் கோர்ட்டிலும் கண்டிப்பானவர். "மார்க்கர், வார்த்தைய அளந்து பேசு" என்றார். இன்னாசிக்கு அது கேட்கவில்லை. குனிந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தான். அடுத்த பந்திலேயே, "பின்னால ஓடுலே, பின்னால! நிக்கியே மரம் மாதிரி!" என்றான். நான் ஓடினேன். அந்தப் பாயிண்டும் எங்களுக்கு வந்தது.

அம்பயர் ஆட்டத்தை நிறுத்தினார். "சொல்லச் சொல்லக் கேக்காம பேசுதான். இன்னொரு தடவ இப்படிக் கேட்டா ரெண்டு பேரையும் ஆட்டத்துல இருந்து எடுத்துருவேன்."

நான் அவர் நாற்காலிக்கு ஓடினேன். "சார், அப்படிக் கூப்பிடச் சொன்னது நான்தான்."

"நீயா? எதுக்கு?"

உண்மையைச் சொல்ல முடியாது. பொய்யும் வரவில்லை. வாயில் வந்தது இதுதான்: "அப்பத்தான் சார் எனக்குக் கால் ஓடுது."

முதல் வரிசையில் யாரோ டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அம்பயர் சிரிக்கவில்லை. எதிர்ப்பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார்.

"எங்களுக்கு என்ன சார்?" என்றார் இடக்கையர். "அது அவங்க குடும்ப விவகாரம்."

ஆட்டம் தொடர்ந்தது. இந்த இடத்தில் நான் உங்களுக்கு நிதானமாக ஒன்று சொல்ல வேண்டும், ஆனால் அன்றைக்கு நிதானமாக எதுவும் நடக்கவில்லை. ஓடு என்றால் ஓடினேன். விடு என்றால் விட்டேன். 'ஒனக்கு' என்று அவன் சொன்ன பந்து என் மட்டைக்கு எட்டாது என்று தோன்றும். கையை நீட்டினால் எட்டியது. அவன் பின்னால் நின்றான், கோர்ட் முழுவதும் அவன் கண்ணுக்குள் இருந்தது. நான் வலையருகே நின்றுகொண்டு, முதுகுக்குப் பின்னால் நடப்பதற்கெல்லாம் இவ்வளவு காலம் உத்தரவு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கூப்பிடுவது, எடுத்த முடிவைத் தெரிவிப்பதற்கு. பார்க்க முடிகிறவன் முடிவெடுக்கட்டும். மற்றவன் காதைக் கொடுக்கட்டும். அதிகாரம், வயது, படிப்பு, யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் பந்துக்குத் தெரியாது. நீங்கள் ஜோடி சேரும் முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டியது இதுதான். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, ஒருவன் செவிடாக வேண்டியிருந்தது.

ஆபத்து அவன் பேச்சில் மட்டும் இல்லை. ஒருமுறை அவன் போட்ட சர்வ் வலையின் மேல்விளிம்பைத் தொட்டு விழுந்தது. அம்பயர் "லெட்" என்றார்; அந்த சர்வை மறுபடி போட வேண்டும். எல்லோரும் நின்றார்கள். இன்னாசி மட்டும் வலைக்கு ஓடி வந்து, யாருமே அடிக்காத பந்துக்காகக் குனிந்து காத்திருந்தான். நான் சட்டென்று கையைத் தூக்கி, "பந்து ஒடஞ்சிருக்கான்னு பாக்கச் சொன்னேன் சார்" என்று எதையோ உளறினேன். மில் அதிகாரி கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவர் கையில் இருந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

இரண்டாவது செட் ஏழுக்கு ஐந்து. எங்களுக்கு!

மூன்றாவது செட்டில் யாரும் மக்ரூனைத் தொடவில்லை. நெட்டையர் சர்வை இறுக்கினார். இடக்கையர் லாப் போடுவதை நிறுத்திவிட்டுக் காலடியில் அடித்தார். மதில்மேல் இருந்த பிள்ளைகள் இதற்குள் இன்னாசியின் உத்தரவுகளை மனப்பாடம் செய்துவிட்டார்கள். அவன் வாயைத் திறந்ததும் சேர்ந்து கத்தினார்கள். என்னை அன்று தூத்துக்குடியில் பாதி ஊர் 'ஏலே' என்றது. அப்பா உட்காரவே இல்லை. ஆனால் அவர் கோபம் எங்கோ மாறிப்போயிருந்தது. நான் ஒரு பந்துக்கு அரை நொடி தாமதித்தபோது, இன்னாசியைவிடச் சத்தமாக அவர் குரல் வந்தது: "சொல்லுதாம்லா, ஓடேம்ல!"

ஐந்துக்கு நான்கு, எங்கள் பக்கம். இடம் மாறி மேற்குப் பக்கம் வந்தோம். காற்று நேராக முகத்தில் அடித்தது. இன்னாசி சர்வ். எதிர்க்காற்றில் அவன் சர்வ் தளர்ந்து போனது. இருந்தும் இழுத்துப் பிடித்து ஆட்டத்தின் கடைசிப் பாயிண்டுக்கு வந்துவிட்டோம். இதை எடுத்தால் முடிந்தது.

சர்வ் போனது. இடக்கையர் அதை வாங்கி, அவ்வளவு நேரம் போடாமல் வைத்திருந்த லாபைப் போட்டார். என் தலைக்கு மேல். நான் பின்வாங்கினேன். மூன்று எட்டு வைத்ததும் பந்து என் கைக்கு வந்துவிட்டது. மட்டை தோளுக்குப் பின்னால் போனது. வெயில் முதுகில் இருந்தது. பந்து தெளிவாக, பெரிதாக, பழம் மாதிரி தொங்கியது. இதை அடிக்கத் தெரியாதவன் டென்னிஸுக்கே வரக் கூடாது.

"விடுலே!"

ஓர் இரட்டையர் ஆட்டக்காரனின் வாழ்க்கையில் மிக நீளமான நேரம் அதுதான். உடம்பு முழுவதும் அடிக்கச் சொல்கிறது. கண்ணும் அடிக்கச் சொல்கிறது. பின்னால் நிற்பவன் மட்டும் விடச் சொல்கிறான்.

கையை இறக்கினேன். பந்து மட்டை நுனிக்கு மேலே காற்றின் தள்ளலோடு கடந்து போனது. நான் திரும்பவில்லை. எதிரே இடக்கையரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாய் திறந்திருந்தது. பின்னால் மண்ணில் பந்து விழும் மெத்தென்ற சத்தம்.

கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா, ஒருவரும் சொல்லவில்லை. அம்பயர் நாற்காலியிலிருந்து இறங்கினார். நடந்து வந்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். பந்து பதிந்த தடத்துக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவே தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். விரல் இரண்டையும் தொடாமல் நின்றது.

"அவுட்."

மதில் இடிந்துவிடும் போல இருந்தது. இன்னாசிக்கு அந்தச் சத்தமும் கேட்கவில்லை. பிள்ளைகள் மதிலிலிருந்து குதிப்பதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டான்.

ஆட்டம் முடிந்தது, ஜெயித்துவிட்டோம். எங்கள் பிழைப்பு இன்னும் முடிவாகவில்லை.

கூட்டம் எங்களைச் சுற்றி நெருக்கியபோது மில் அதிகாரி வந்தார். கூடவே செயலாளர். அதிகாரி இன்னாசியிடம் ஏதோ கேட்டார். அவன் மரியாதையாகப் புன்னகைத்து, "ஆமா சார்" என்றான். மறுபடி ஏதோ கேட்டார். மறுபடியும் "ஆமா சார்." அதிகாரியின் முகம் இறுகியது. என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்.

"இனிமேலும் இப்படித்தான் வாய்க்கு வந்தபடி பேசுவியான்னு கேட்டேன். ஆமாங்கறார். மேலதிகாரிகிட்டயும் இப்படித்தான் பேசுவியான்னேன். அதுக்கும் சிரிச்சுக்கிட்டே ஆமாங்கறார். தம்பி, ஆட்டம் நல்லா இருந்துச்சு. ஆனா இந்த மாதிரி ஆளை நான் மில்லுக்குள்ள கூட்டிட்டுப் போக முடியாது." குரலைத் தாழ்த்தினார். "நீங்க பொறுமைசாலி. ஜோடியாத்தான் எடுக்கறதுன்னு வந்தேன். உங்களுக்கு வேணா வேற ஜோடி பாத்துத் தரலாம். நீங்க மட்டும் வர்றீங்களா?"

செயலாளரும் கூடவே வந்து பக்கத்தில் நிற்கிறார். காது விஷயத்தை நான் சொன்னால் இன்னாசியின் மார்க்கர் வேலை அந்த நிமிடமே போகும். சொல்லாவிட்டால் மில் வேலை போகும். அது என் ரகசியம் இல்லை, அவனுடையது. அவனிடம் கேட்காமல் அதைத் தொட எனக்கு உரிமை இல்லை. கேட்டாலோ அவனுக்குக் கேட்காது.

நான் இன்னாசியைப் பார்த்தேன். என் காதைத் தொட்டேன். அதிகாரியை நோக்கித் தலையை அசைத்தேன். சொல்லவா?

அவன் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. செயலாளரைப் பார்த்தான், அதிகாரியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அதில் படித்திருக்க வேண்டும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அதிகாரி முன்னால் வந்து நின்றான்.

"சார்!" என்றான், கடலுக்குள் நிற்பவனைக் கூப்பிடுகிற குரலில். டீக் கிளாஸ்கள் எல்லாம் அப்படியே நின்றன. "எனக்குக் காது கேக்காது சார்! இடது காது சின்னப் புள்ளையிலயே போச்சி. வலது காது காலையில சங்கு குளிக்கப் போயி அடைச்சிட்டு, ரெண்டொரு நாள்ல தெறந்துரும். நீங்க என்ன கேட்டியன்னு தெரியாது. ஏதாவது தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சிருங்க. மரியாதையில்லாம பேசணும்னு பேசல. ஆனா ஆடுனோம்லா சார்? நல்லாத்தான ஆடுனோம்?"

கிளப் முழுவதும் கேட்டது. அடுத்த தெருவரை கேட்டிருக்கும். செயலாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருடம் தனக்கு எதிரே நின்று ஆடியவனை முதல் தடவையாகப் பார்ப்பது போல இருந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "காது கேக்காத ஆளோட எப்படிங்க ஆடுனீங்க? நீங்க சொல்றது அவருக்குக் கேட்டிருக்காதே?"

"நான் ஒண்ணுமே சொல்லல சார். அவன் சொன்னதக் கேட்டேன். அவ்வளவுதான்."

அவர் கோர்ட்டைப் பார்த்தார். மேற்குக் கோட்டருகே அந்தத் தடத்தைச் சுற்றிப் பிள்ளைகள் இன்னும் குனிந்து நின்றிருந்தார்கள். பிறகு இன்னாசியின் வலது காதருகே குனிந்து, அந்த ஒல்லி உடம்புக்குள் இவ்வளவு குரலா என்று எல்லோரும் திடுக்கிடும்படி கத்தினார்.

"திங்கக்கிழமை கிளம்பி வாங்க! மில் டாக்டர் காதைப் பாக்கட்டும்! அதுவரைக்கும் தண்ணிக்குள்ள எறங்கக் கூடாது!"

இன்னாசி மரியாதையாகத் தலையாட்டினான். "ஆமா சார்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

"என்னல சொல்லுதாரு? ஒன்னய மட்டுமா எடுக்காரு?"

நான் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன்.